டெண்டரில் எழுதப்படாத சாதி

நீலகிரி, சமவெளிக்கு மின்சாரம் தரும் மாவட்டம். 1932இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அதன் மின்சாரம் கோவையின் பஞ்சாலைகளை ஓட்டியது. பின்னர் குந்தா திட்டத்தின் அணைகளும் சுரங்கங்களும் மின்நிலையங்களும் வந்தன. தண்ணீர் மலையிலிருந்து கீழே விழும்போது மின்சாரம் பிறக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதே தண்ணீர் மலைமேல் ஏற வேண்டுமென்றால் மின்சாரம் செலவாகும் என்பதை யாரும் அவ்வளவு அழுத்திச் சொல்லித் தருவதில்லை.

ஊட்டிக்குக் குடிநீர் தரும் முதன்மையான ஆதாரம் பார்சன்ஸ்வேலி. அங்கிருந்து பம்ப் செய்துதான் நகருக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். குன்னூருக்கு ரேலியா அணை போதாமல் எமரால்டு அணையிலிருந்து தனித் திட்டம் போட வேண்டியதாயிற்று. 1 லட்சம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, எந்த இழப்பும் இல்லையென்றாலே 27 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பிலும் மோட்டாரிலும் குழாயிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் 45 யூனிட் வரை போகும். கழிவுநீருக்கும் இதே கணக்குதான். பள்ளத்தில் வந்து சேரும் சாக்கடையைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளுவது மோட்டார். அங்கே தொட்டிக்குள் காற்றை ஊதி நுண்ணுயிர்களை உயிரோடு வைத்திருப்பதும் மோட்டார். மின்சாரம் நின்று சில மணி நேரம் போனால் அந்த நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கும். சுத்திகரிப்பும் அத்தோடு படுத்துவிடும்.

மலை நகராட்சி என்பது பெருமளவு மோட்டார் ஓட்டும் அலுவலகம். அந்த மோட்டார்களைப் பார்த்துக்கொள்வது யார்? நகராட்சி ஊழியரா? பெரும்பாலும் இல்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த ஒருவர். அவரிடம் வேலை பார்க்கும் பத்துப் பதினைந்து பேர். இந்தக் கட்டுரை அந்தப் பத்துப் பதினைந்து பேரைப் பற்றியது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களைப் பற்றி நம் தோழர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒப்பந்த மின் பராமரிப்பைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. மின்சாரம் என்றாலே அது படித்தவன் வேலை, நவீன வேலை, சாதிக்கு அங்கே இடமில்லை என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவு படித்தவன். அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவன். நீலகிரியில் ஒரு நகராட்சியின் பம்ப் ஹவுஸ்களைப் பராமரித்த ஒப்பந்ததாரர் ஒருவரிடம் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஊரையும் பெயரையும் எழுதப் போவதில்லை. அந்த ஒரு ஒப்பந்ததாரரைத் திட்டித் தீர்ப்பதால் எதுவும் மாறப் போவதில்லை. அவருக்குப் பதில் வேறொருவர் எடுத்திருந்தாலும் அதே தாள், அதே நிபந்தனை, அதே கிணறு.

எந்த லைன்?

எங்கள் குழுவில் என் சாதியை ஒருவர்கூடக் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், 'இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா' என்று கேட்பவர்கள் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார்கள்.

சாதியைக் கேட்க மாட்டார்கள். 'எந்த எஸ்டேட்?' என்பார்கள். 'எந்த லைன்?' என்பார்கள். நகரத்துப் பையன் என்றால் 'எந்தக் காலனி?' போதும். தோட்டத்து லைன் வீடு, நகராட்சிக் குடியிருப்பு, தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த வீடு, ஹட்டி, டவுன் வீடு என்று இந்த மலையில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நகரத்தைக் கூட்டிப் பெருக்கவும் மலம் அள்ளவும் வெள்ளைக்காரர் காலத்தில் சமவெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் ஓர் இடத்தில் இருக்கிறார்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள், டேன்டீ தோட்டங்களை ஒட்டி வேறோர் இடத்தில் இருக்கிறார்கள். முகவரியைச் சொன்னால் மற்றதை மேஸ்திரி தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

அந்தக் கணக்கு வேலைப் பங்கீட்டில் தெரியும். ஒரே ஐ.டி.ஐ., ஒரே ஆண்டு, ஒரே சான்றிதழ். ஒருவன் பேனல் முன்னால் நிற்பான். ஸ்டார்டர், ரிலே, காண்டாக்டர் எல்லாம் அவன் கைக்குப் போகும். ஆறு மாதத்தில் அவன் வேலையைக் கற்றுக்கொள்வான். இரண்டு வருடத்தில் சூப்பர்வைசர் லைசென்ஸுக்குப் பணம் கட்டுவான். இன்னொருவனிடம் கயிறு கொடுக்கப்படும். குடிநீர் பம்ப் ஹவுஸ் வேலை என்றால் முன்னவன். கழிவுநீர் உந்து நிலையம் என்றால் பின்னவன். 'நீ போய்ப் பாத்துட்டு வா தம்பி, உனக்குத்தான் அது பழக்கம்' என்று ஒரு நாள் மேஸ்திரி சொன்னார். எனக்கு அது பழக்கமே இல்லை. என் அப்பாவுக்குப் பழக்கம். என் தாத்தாவுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வரத்தான் நான் வயரிங் படித்தேன்.

சாதி உழைப்பை மட்டும் பிரிப்பதில்லை, உழைக்கும் மனிதர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். புதிய தொழில் வந்தால் அந்த அடுக்கு கலையும் என்பது நம் நம்பிக்கை. தொழில் புதிதாக வந்தது. அடுக்கு அந்தத் தொழிலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

'அடைப்பு நீக்குதல்'

கழிவுநீர் உந்து நிலையத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் கொஞ்சம் தொழில் பேசுகிறேன்.

நிலத்துக்குக் கீழே ஒரு கிணறு இருக்கும். தெருக்களின் சாக்கடை அதில் வந்து விழும். கிணற்றின் அடியில் நீர்மூழ்கி மோட்டார் இருக்கும். துணி, நாப்கின், பிளாஸ்டிக் பை, தலைமுடி எல்லாம் சேர்ந்து பம்பின் உள்சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். சக்கரம் இறுகினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். ஓவர்லோட் ரிலே அதைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும். அது 'என்னால் முடியவில்லை' என்று மோட்டார் சொல்லும் மொழி. சரியான நடைமுறை என்ன? சப்ளையை முழுவதும் அணைக்க வேண்டும், யாரும் மறுபடி போடாதபடி பூட்ட வேண்டும், வழிகாட்டிக் கம்பி வழியாகச் செயின் பிளாக் போட்டு மோட்டாரை மேலே தூக்க வேண்டும், வெளியே வைத்துக் கழுவ வேண்டும். மனிதன் உள்ளே இறங்கத் தேவையே இல்லை. அப்படித்தான் அந்தப் பம்பே வடிவமைக்கப்பட்டது.

நடப்பது வேறு. வழிகாட்டிக் கம்பி துருப்பிடித்து உடைந்திருக்கும். செயின் பிளாக் வேறு நிலையத்துக்குப் போயிருக்கும், அல்லது வாங்கப்படவே இல்லை. குப்பையைத் தடுக்கும் கம்பிவலை தேய்ந்திருக்கும். மாற்று மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடக்கும். 'சாக்கடை ரோட்டில் ஓடுது, கவுன்சிலர் போன் பண்றார்' என்று அவசரம். ஓர் ஆள் இறங்குவான். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு வாயு. மேலே ஈரத்தில் நனைந்த பேனல். அதே வாயுதான் பேனலின் செம்பு இணைப்புகளையும் கறுக்க வைத்து அரிக்கிறது. மலையின் மூடுபனி ஈரம் வயரின் காப்பை நனைக்கிறது. பாறை மண்ணில் எர்த் குழியின் தடை எளிதில் குறையாது. உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஆண்டுதோறும் அளந்து பார்த்தால்தான் அது எர்த். இல்லையென்றால் அது வெறும் குழி.

டெண்டர் தாளில் இந்த வேலைக்கு 'பம்ப் அடைப்பு நீக்குதல், மீண்டும் பொருத்துதல், ஒரு முறைக்கு' என்பதுபோல் ஒரு வரி இருக்கும். மின்-இயந்திரப் பராமரிப்பு என்ற தலைப்பின் கீழ் வரும். மலம் என்ற சொல் இல்லை. மனிதன் என்ற சொல்லும் இல்லை. கையால் மலம் அள்ளுதல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட நாட்டில், அது ஒரு மெக்கானிக்கல் வேலையின் பெயரில் தொடர்கிறது. இறங்குகிறவனின் பதவிப் பெயர் 'எலக்ட்ரீஷியன் ஹெல்ப்பர்'.

ஒன்றிய அரசு நமஸ்தே திட்டத்தின் கீழ்ச் சாக்கடை, கழிவுத் தொட்டித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தது. 2024 வரை பதிவான சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர், 8 விழுக்காட்டினர் பழங்குடியினர். 2022, 2023 ஆண்டுகளில் நடந்த 54 சாவுகளை அரசே தணிக்கை செய்து பார்த்தபோது, 49 பேருக்கு எந்தப் பாதுகாப்புக் கருவியும் தரப்படவில்லை என்று தெரிந்தது. இந்தப் பட்டியலில் வருவதற்கு ஒருவர் 'சாக்கடைத் தொழிலாளி' என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். ஹெல்ப்பர் என்று எழுதப்பட்டவனை எந்தப் பட்டியலில் தேடுவது?

சமோலி

2023 ஜூலை 19. உத்தரகாண்ட் மாநிலம் சமோலி. அலக்நந்தா ஆற்றங்கரையில், நமாமி கங்கைத் திட்டத்தில் கட்டப்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். அதுவும் நம் ஊரைப் போல் மலை நகரம்தான். அதை இயக்கிப் பராமரித்ததும் ஒப்பந்த நிறுவனங்கள்தான். அங்கே வேலை பார்த்த ஆபரேட்டர் மின்சாரம் தாக்கி இறந்து கிடப்பது காலையில் தெரியவந்தது. செய்தி கேட்டு உறவினர்கள், ஊர்க்காரர்கள், போலீசார் எல்லோரும் வந்து கூடினார்கள். அவர்கள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே இரும்புக் கைப்பிடியிலும் அமைப்பிலும் மீண்டும் மின்சாரம் பாய்ந்தது. மொத்தம் 16 பேர் செத்தார்கள். பிணம் பார்க்க வந்தவர்களும் விசாரிக்க வந்த போலீஸ்காரரும் அதில் உண்டு.

பின்னர் நடந்த விசாரணை, நிலையத்தின் மின் பாதுகாப்புக் குறைகளையும் அதை நடத்தியவர்களின் அலட்சியத்தையும் சுட்டியது. வழக்கு வந்தது, கைதும் நடந்தது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் மின்சாரம் தாக்கிச் செத்துக் கிடக்கும் இடத்தில், முதல் வேலையாக சப்ளையை அணைத்துப் பூட்ட வேண்டும். அதைச் செய்யும் அதிகாரமும் பயிற்சியும் உள்ள ஒருவர் அங்கே பொறுப்பில் இருந்திருந்தால், அந்தக் காலையில் கூடியவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். கட்டியவர் ஒருவர், பராமரித்தவர் ஒருவர், மின்சாரம் கொடுத்தவர் ஒருவர், நிலையத்துக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். பொறுப்பு நாலாகப் பிரிந்து நிற்கும் இடத்தில், ஸ்விட்ச் யாருடையது என்பதே தெரியாது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் சென்னை கண்ணகி நகரில், விடியும் முன்பே வேலைக்குப் போன தூய்மைப் பணியாளர் பெண் ஒருவர் தேங்கிய மழைநீரில் கால் வைத்தார். அதில் பாய்ந்திருந்த மின்சாரம் அவரைக் கொன்றது. சென்னையின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் கண்ணகி நகர். பூமிக்கடியில் கசியும் கேபிள், பணக்காரத் தெருவில் எத்தனை நாள் கசிய விடப்படும்?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கையால் மலம் அள்ளும் வேலைக்குத் தடை விதித்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் சாக்கடையின் ஆபத்தான சுத்திகரிப்பில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. 'மறைமுகமாக' என்ற சொல் ஒப்பந்ததாரரை நினைத்துத்தான் போடப்பட்டது. 33ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. சாக்கடை, கழிவுத் தொட்டி மட்டுமின்றித் தன் கட்டுப்பாட்டில் உள்ள பிற இடங்களிலும் தகுந்த இயந்திரங்களைப் பயன்படுத்துவது உள்ளாட்சியின் கடமை என்கிறது அது. உந்து நிலையத்துக் கிணறு 'சாக்கடை' என்ற வரையறையில் வராது என்று வாதாடும் பொறியாளர்களுக்கு இந்தப் பிரிவே பதில். பட்டியல் சாதியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவது 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஒப்பந்ததாரர் வழியாக நடக்கும் வேலையிலும் எந்தக் காரணத்துக்காகவும் மனிதன் சாக்கடைக்குள் இறங்கும் நிலை இருக்கக் கூடாது என்று அதே தீர்ப்பு உத்தரவிட்டது.

தொழிலாளர் சட்டத்தில்தான் ஓட்டை இருக்கிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 20 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் ஒப்பந்ததாரருக்குப் பொருந்தாது. மலை நகராட்சியின் பம்ப் பராமரிப்புக் குழுவில் 20 பேர் எங்கே இருக்கப் போகிறார்கள்? 2020இல் கொண்டுவந்து 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம், அந்த 20ஐ 50 ஆக்கிவிட்டது. பழைய சட்டத்தில் எங்களுக்குக் கதவு மூடியிருந்தது. புதிய சட்டத்தில் கதவையே இன்னும் தள்ளி வைத்துவிட்டார்கள்.

இடஒதுக்கீடு காணாமல் போகும் இடம்

இளைய தோழர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, 2009இல் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாங்கள் இனிப்பு கொடுத்தோம். ஆனால் அந்த 3 விழுக்காடு எதற்குப் பொருந்தும்? நிரந்தர அரசுப் பணியிடத்துக்கு. நகராட்சியில் எலக்ட்ரீஷியன் பணியிடம் காலியாகி, நிரப்பப்படாமல், அந்த வேலை ஒப்பந்தத்துக்குப் போய்விட்டால் எதன் 3 விழுக்காடு? இல்லாத பணியிடத்தில் இடஒதுக்கீடு கேட்க முடியாது.

சாக்கடையில் இறங்கும் வேலைக்கு மட்டும் நூற்றுக்கு நூறு ஒதுக்கீடு எழுதாமலே நடக்கிறது. நகராட்சியில் வயர்மேன், பம்ப் ஆபரேட்டர், ஃபிட்டர் என்று ஒதுக்கீட்டின் வழியே எங்கள் பிள்ளைகள் நுழையக்கூடிய மரியாதையான பணியிடங்கள் ஒப்பந்தமாகின்றன. 2022இல் வந்த அரசாணை 152ஐத் திரும்பப் பெறச் சொல்லி உள்ளாட்சித் தொழிலாளர் சங்கங்கள் போராடுவதையும், 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்திருந்து நள்ளிரவில் கைது செய்யப்பட்ட தூய்மைப் பணியாளர்களையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். அது சம்பளப் போராட்டம் மட்டுமில்லை. சமூகநீதியின் கடைசிப் படிக்கட்டு உடைக்கப்படுவதற்கு எதிரான போராட்டம்.

சரி, ஒப்பந்தத்தை நாங்களே எடுத்தால்? அதற்கும் தாள் கேட்பார்கள். வைப்புத்தொகை, வங்கி உத்தரவாதம், இதே போன்ற வேலையை முன்பு முடித்த அனுபவச் சான்று, ஆண்டு வரவு செலவுக் கணக்கு. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் ஒப்பந்ததாரர் உரிமம் தனி. தாத்தா நிலம் வைத்திருந்தவனுக்கு வங்கி உத்தரவாதம் கிடைக்கும். லைன் வீட்டில் பிறந்தவன் எதை அடகு வைப்பான்? லைன் வீடு கம்பெனியுடையது. நகராட்சிக் குடியிருப்பு நகராட்சியுடையது. என்னுடன் வேலை பார்த்த ஓர் அண்ணன் என்னைவிட நன்றாக பேனல் கட்டுவார். அவருடைய லைசென்ஸை ஒப்பந்ததாரர் தன் விண்ணப்பத்தில் காட்டினார். ஒப்பந்தம் இன்னொருவர் பெயரில் ஓடியது. அண்ணனுக்குக் கிடைத்தது நாள் கூலி.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கூடலூரைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2017 முதல், 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்ததாரர்களுக்கு 24.1 விழுக்காடு ஒதுக்கீடு சட்டமாக இருக்கிறது. பின்னர் அந்த வரம்பை 1 கோடியாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டிலும் முன்னுதாரணம் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் கீழ், 2024 டிசம்பர் 6 அன்று சென்னைக் குடிநீர் வாரியத்தில் 213 நவீனக் கழிவுநீரகற்று வாகனங்கள் தூய்மைப் பணியாளர்களைத் தொழில்முனைவோராக்கி ஒப்படைக்கப்பட்டன. வாரியமே அவர்களுக்கு வேலை உத்தரவாதமும் தந்தது. அதை வரவேற்கிறேன். கூடவே ஒரு கேள்வி. சாக்கடை வண்டிக்கு மட்டும் ஏன் நாங்கள் முதலாளி? குடிநீர் பம்ப் ஹவுஸின் பேனலுக்கு ஏன் இல்லை? முதலாளியானாலும் சாக்கடைக்குத்தான் என்றால், சாதி தன் இடத்தைவிட்டு எங்கே நகர்ந்தது?

'நகராட்சிக்குத் திறமை இல்லையே'

ஒப்பந்தத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நகராட்சி ஊழியர் சோம்பேறி, தனியார் வேகமாகச் செய்வார் என்பது வெறும் வசை, அதை விட்டுவிடலாம். ஆனால் இன்னொரு வாதத்தில் நியாயம் உண்டு. மோட்டார் ரீவைண்டிங், மின்மாற்றி எண்ணெய்ச் சோதனை, உயர் அழுத்த இணைப்பு வேலை போன்றவற்றுக்குத் தனித் திறமையும் கருவியும் வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் வேலைக்கு ஒவ்வொரு சிறு நகராட்சியும் நிரந்தர ஆள் வைக்க முடியாது. ஒத்துக்கொள்கிறேன். அதை ஒப்பந்தம் விடுங்கள்.

ஆனால் தினமும் மோட்டாரை ஓட்டுவது, பேனலைப் பார்ப்பது, அடைப்பைக் கவனிப்பது, எர்த் அளப்பது ஆகியவை எப்போதாவது வரும் வேலைகளா? ஊட்டி நகராட்சி தொடங்கியது 1866இல். ஊர் இருக்கும் வரை தண்ணீர் வேண்டும், சாக்கடை ஓடும். இதைவிட நிரந்தரமான வேலை எது? காசியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர்கள் வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கேட்டது. ஆண்டுக்கணக்கில் தொடரும் நகராட்சி வேலையைத் தற்காலிகம் என்று பெயரிட்டு உரிமை மறுக்க முடியாது என்றது.

மலிவு என்ற வாதமும் உண்டு. குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம். மதிப்பீட்டைவிடக் குறைத்துக் கேட்கிறவர் எதைக் குறைப்பார்? மோட்டார் விலையைக் குறைக்க முடியாது, காயில் விலையைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தவை மூன்று: ஆள், கூலி, பாதுகாப்பு. நான்கு பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேர் செய்வார்கள். ரப்பர் கையுறை வராது. எர்த் சோதனைப் பதிவேடு சோதனை நடக்காமலே நிரம்பும். அந்த மிச்சம்தான் நகராட்சியின் 'சேமிப்பு'. இறங்குகிறவனின் உயிரை அடமானம் வைத்துச் சேமித்த காசு அது. பேனல் பழுதாகி உந்து நிலையம் நின்றால் சாக்கடை நிற்காது. ஊட்டியில் கோடப்பமந்துக் கால்வாய் வழியாக ஏரிக்கும், குன்னூரில் ஆற்றுக்கும், அங்கிருந்து பவானிக்கும் கழிவுநீர் போவது இந்த மாவட்டத்தில் எல்லோரும் அறிந்த கதை. மலிவு பராமரிப்பின் பில்லைக் கடைசியில் மேட்டுப்பாளையத்துக்காரர் குடிநீரில் கட்டுகிறார்.

என்ன கேட்க வேண்டும்?

1927 மார்ச் 20 அன்று மகாத் நகராட்சிக் குளத்தில் அண்ணல் கை வைத்துத் தண்ணீர் குடித்தார். குளத்தைத் திறந்துவிட நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் தாளில் இருந்தது, குளத்தில் இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. தண்ணீரும் மலமும் சாதியின் இரண்டு முனைகளாகவே இன்றும் இருக்கின்றன. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் அண்ணல் வகித்த தொழிலாளர் துறையின் கீழ்தான் நீரும் மின்சாரமும் இருந்தன என்பதையும் நினைவில் வைப்போம். தொழிலாளர், நீர், மின்சாரம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துச் சிந்தித்தவர் அவர். நாம்தான் அவற்றைத் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. நகராட்சிகளின் பம்ப் ஹவுஸ், உந்து நிலையம், சுத்திகரிப்பு நிலையங்களின் அன்றாட இயக்கமும் பராமரிப்பும் நிரந்தரப் பணியிடங்களாக வேண்டும், இடஒதுக்கீட்டோடு. இப்போது ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு அதில் முன்னுரிமை வேண்டும். ஒப்பந்தம் விட்டே ஆக வேண்டிய வேலைகளில் கர்நாடகத்தைப் போல ஒதுக்கீடும் வைப்புத்தொகைத் தளர்வும் வேண்டும். எல்லா மின்-இயந்திர டெண்டரிலும் 'எந்த நிலையிலும் மனிதன் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது' என்று ஒரு நிபந்தனை இருக்க வேண்டும். செயின் பிளாக், வழிகாட்டிக் கம்பி, வாயு அளவி, கசிவு மின் துண்டிப்பான், மாற்று மோட்டார் ஆகிய ஐந்தும் விலைப்போட்டிக்கு வெளியே, நகராட்சியின் செலவில் இருக்க வேண்டும். சாவு நடந்தால் முதல் குற்றவாளியாக நகராட்சியின் பொறுப்பு அதிகாரி நிற்க வேண்டும்.

இதைப் படிக்கும் இளைஞர்கள் அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் கையில் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் நகராட்சிக்கு ஒரு மனு போடுங்கள். பம்ப் பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், எவ்வளவுக்கு? உரிமம் பெற்ற வயர்மேன், சூப்பர்வைசர் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள்? கடைசி எர்த் சோதனை எந்தத் தேதி, அளவு எத்தனை ஓம்? கடந்த ஓராண்டில் 'அடைப்பு நீக்குதல்' என்று எத்தனை முறை பில் போடப்பட்டது, ஒவ்வொரு முறையும் எந்தக் கருவியால் நீக்கப்பட்டது? தொழிலாளர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீது எங்கே? எலக்ட்ரீஷியன், பம்ப் ஆபரேட்டர் பணியிடங்களில் அனுமதிக்கப்பட்டவை எத்தனை, காலி எத்தனை? மொத்தம் ஆறு கேள்விகள், பத்து ரூபாய்க் கட்டணம். ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் நான்கிலும் கேட்போம். சமவெளித் தோழர்கள் உங்கள் ஊரில் கேளுங்கள்.

'எந்தக் கருவியால் நீக்கப்பட்டது' என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கு எழுத்தில் பதில் சொல்லும்போதுதான், அந்தக் கருவிக்குக் கையும் காலும் இருந்தது என்பதை ஒரு பொறியாளர் முதன்முறையாக யோசிக்க வேண்டிவரும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு முதலில் பம்ப் ஹவுஸுக்குப் போங்கள். அங்கே வேலை பார்க்கும் தோழரிடம் படித்துக் காட்டுங்கள். அதில் எது பொய் என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரியும். சங்கம் அங்கிருந்துதான் தொடங்கும்.